பெயர் முந்திய பொருள்: அறிவியல் புனைகதைக் கற்பனைக் கருவிகளும் தமிழின் திணைப் பாகுபாடும்

1. முன்னுரை

கலைச்சொல்லாக்கத்தில் பொதுவாகப் பொருள் முந்தும், பெயர் பிந்தும். தொலைபேசியும் மின்விசிறியும் கையில் கிடைத்த பின்னரே அவற்றுக்குரிய தமிழ்ச் சொற்கள் தோன்றின. சொல் சற்றுப் பிழையாக அமைந்தாலும் பொருள் கண்முன் இருப்பதால் அப்பிழை புழக்கத்தில் மறைந்துவிடும். அறிவியல் புனைகதையில் இம்முறை தலைகீழாகின்றது. அங்குப் பொருள் இல்லை; பெயரும் அதனைச் சூழ்ந்த சில தொடர்களுமே உள்ளன. கருவியின் வரைபடம், வேலை, சமூக நிலை ஆகிய அனைத்தையும் பெயரே சுமக்கிறது. எனவே அப்பெயரை மொழிபெயர்ப்பவர் ஒரு சொல்லை மாற்றுவதோடு நின்றுவிடுவதில்லை. கருவியையே மீண்டும் ஒருமுறை அமைக்கிறார்.

இப்பணியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்கு ஆங்கிலத்தோடும் மலையாளத்தோடும் ஒப்பிடுகையில் கூடுதலான ஒரு கடமை உண்டு. பெயர் எதுவாயினும், அது எழுவாயாக நிற்கும்போது வினைமுற்று அதன் திணையையும் பாலையும் வெளிப்படுத்தியாக வேண்டும். கற்பனைக் கருவிகளின் பெயரீட்டையும், அவற்றுள் சிறப்பாக ‘ரோபாட்’ என்பதன் திணைநிலையையும் ஆராய்ந்து, மொழிபெயர்ப்பில் கொள்ளத்தக்க சில நெறிகளை முன்வைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பழந்தமிழில் கற்பனைக் கருவிகளின் பெயர்கள்

கற்பனைக் கருவிக்குப் பெயரிடுவது தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை மதுரை மதிற்பொறிகளைப் பட்டியலிடுகிறது. அப்பட்டியலில் குரங்கு, பன்றி, மீன்கொத்தி ஆகியவற்றின் பெயர்களே கருவிப் பெயர்களாக நிற்கின்றன. அவை பொறிகள் என்பதைச் சூழலும் உரையுமே உணர்த்துகின்றன. பெருங்கதையில் உதயணனைச் சிறைப்பிடிக்க யானைப்பொறி பயன்படுகிறது. சீவக சிந்தாமணியில் விசயை மயிற்பொறியில் ஏறி விண்வழியே தப்புகிறாள். பொறியை வலப்புறம் திருகினால் அது பறக்கும். இடப்புறம் திருகினால் தரையிறங்கும். புனைவுக் கருவிக்கு இயக்கமுறையையும் சேர்த்துச் சொல்லும் இவ்விடம் அறிவியல் புனைகதையின் எடுத்துரைப்பிற்கு நெருக்கமானது.

இப்பெயர்களை இரு வகையாகப் பகுக்கலாம். ஒன்று, விலங்கின் பெயரை ஆகுபெயராக அப்படியே வழங்குவது. மற்றொன்று, வடிவத்தைக் குறிக்கும் சொல்லோடு ‘பொறி’ என்பதைச் சேர்த்துத் தொகையாக்குவது. பின்னதே இன்றுவரை ஆக்கவளம் மிக்க முறையாக உள்ளது. ‘பொறி’ என்னும் சொல் புலன், தீப்பொறி, முத்திரை, விலங்கு பிடிக்கும் சூழ்ச்சிக் கருவி எனப் பல பொருள் உடையது. ‘பொறியியல்’, ‘பொறியாளர்’ ஆகிய இக்கால ஆக்கங்களும் இவ்வேரிலிருந்தே கிளைத்தன. ஐம்புலன்களின் வாயிலையும் இயங்கும் கருவியையும் ஒரே சொல் குறிப்பது, உணரும் கருவியைப் பற்றி எழுதுவோர்க்கு ஒரு வாய்ப்பாகும்.

‘எந்திரம்’ என்பதன் வரலாறு வேறு. வடமொழி ‘யந்த்ர’ என்பதிலிருந்து வந்த இச்சொல் சங்கப் பாடல்களில் கரும்பு பிழியும் ஆலையைக் குறிக்கிறது. மொழிமுதலில் யகரம் ஆகாரத்தோடு மட்டுமே வரும் என்பது தொல்காப்பிய நெறி. அதனால் வடசொல்லின் முதலெழுத்து ஒருபுறம் எகரமாகி ‘எந்திரம்’ என்றும், மறுபுறம் இகரத்தை முன்னே பெற்று ‘இயந்திரம்’ என்றும் இரு வடிவங்கள் தோன்றின. மலையாளம் ‘யந்த்ரம்’ என மூலவடிவை ஏறத்தாழ அப்படியே காத்துள்ளது. தமிழில் இவ்விரு வடிவங்களும் பொருள் வேறுபாடின்றி வழங்குகின்றன.

மனித வடிவுக் கருவிக்குத் தமிழில் இருந்த பெயர் ‘பாவை’ ஆகும். சிலை, பொம்மை, கண்மணி, பெண் ஆகிய அனைத்தும் இச்சொல்லின் பொருள்களே. சிந்தாமணியில் மயிற்பொறியைத் திருகும் அரசியே பாவை எனப்படுகிறாள். ‘பாவை வந்தது’ என்றால் பொம்மை. ‘பாவை வந்தாள்’ என்றால் பெண். பெயர் முடிவு செய்யாததை வினை முடிவு செய்கிறது. மணிமேகலையில் மயன் அமைத்த கந்திற்பாவை வருவதுரைக்கிறது. ஆனால் அதன்வழிப் பேசுவது துவதிகன் என்னும் தெய்வம். பேசும் உருவத்திற்குள் பேசுவோர் ஒருவர் வேண்டும் என்னும் எதிர்பார்ப்பை இதில் காணலாம்.

3. முற்கால அறிவியல் புனைகதையும் காலமுரண் சிக்கலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எழுந்த அறிவியல் புனைகதைகளை மொழிபெயர்க்கும்போது எழும் முதற்சிக்கல் காலமுரண் ஆகும். கற்பனையாக இருந்த கருவி பின்னர் உண்மையாகிவிட்டால், அதற்கு இன்று வழங்கும் சொல்லை இடுவதா, இடாதிருப்பதா என்பதே வினா.

எச்.ஜி. வெல்ஸ் 1914இல் வெளியிட்ட புதினத்தில் அணுவின் ஆற்றலால் வெடிக்கும் குண்டுகளைக் கற்பனை செய்து, ஆங்கிலத்தில் இன்று வழங்கும் அதே பெயரை அவற்றுக்கு இட்டார். அவர் கற்பனை செய்த குண்டு ஒருமுறை வெடித்து ஓய்வதன்று. நாள்கணக்கில் தொடர்ந்து வெடித்துக்கொண்டிருப்பது. இதனை ‘அணுகுண்டு’ என மொழிபெயர்த்தால் தமிழ் வாசகர் மனத்தில் 1945ஆம் ஆண்டின் ஹிரோஷிமா எழும். வெல்ஸின் கருவி மறையும். ஆங்கில வாசகர்க்கும் இவ்விடர் உண்டு. ஆனால் அவர்முன் மூலச்சொல்லே நிற்கிறது. தமிழில் அச்சொல்லை இடும் பொறுப்பு மொழிபெயர்ப்பாளருடையது.

பேகம் ரொக்கையா ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ 1905இல் சென்னையிலிருந்து வெளிவந்த இந்தியன் லேடீஸ் மேகசின் இதழில் வெளியாயிற்று. பெண்களே ஆளும் நாட்டில் வெயிலின் வெப்பத்தைச் சேமித்துச் சமையலுக்கும் போருக்கும் பயன்படுத்துகின்றனர். மேகத்திலிருந்து நேரடியாக நீரைப் பெறுகின்றனர். ஹைட்ரஜன் நிரப்பிய உருண்டைகளாலும் மின்சாரத்தால் இயங்கும் சிறகுகளாலும் பறக்கும் ஊர்தியில் பயணம் செய்கின்றனர். ஊர்தியின் ஆங்கிலப் பெயரை உறுப்புக்கு உறுப்பு பெயர்த்தால் ‘வானூர்தி’ என வரும். ஆனால் அச்சொல் இன்று விமானத்தைக் குறிக்கிறது. பலகையில் பொருத்திய இரண்டு இருக்கைகளைக் கொண்ட ரொக்கையாவின் ஊர்திக்கும் இன்றைய விமானத்துக்கும் ஒற்றுமை மிகக் குறைவு. ஓட்டுநர் செலுத்தாத வான ஊர்தி பற்றிய புறநானூற்றுக் குறிப்பு (27) இச்சொல்லின் பழமையைக் காட்டினும், இக்கால வாசகரின் முதற்பொருள் அதுவன்று. ‘பறக்கும் பலகை’, ‘காற்றூர்தி’ போன்ற புழங்காச் சொற்களே இங்குப் பொருத்தமாகலாம். மூலத்தில் புதிதாக ஒலித்த பெயர் பெயர்ப்பிலும் புதிதாக ஒலித்தல் வேண்டும்.

எதிர்மறையான நிலையும் உண்டு. ஜூல்ஸ் வெர்ன் தம் நீர்மூழ்கிக்கு இட்ட ‘நாட்டிலஸ்’ என்னும் பெயர் அவர் புனைந்ததன்று. அமெரிக்கரான இராபர்ட் ஃபுல்டன் 1800இல் பிரான்சில் கட்டிய நீர்மூழ்கியின் பெயரும் அதுவே. ஏற்கெனவே வரலாறு உடைய பெயரைத் தமிழாக்கினால் அத்தொடர்பு அறுந்துவிடும். இங்கு ஒலிபெயர்ப்பே தக்கது. ஆகவே மூலம் வெளிவந்த ஆண்டில் அச்சொல் புதியதா, பழையதா என்று அறிந்த பின்னரே முறையைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

4. ரோபாட்டும் ஊழியமும்

இச்சிக்கல்கள் அனைத்தும் ஒருங்கே திரண்டு நிற்கும் சொல் ‘ரோபாட்’ ஆகும். செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் வெளியிட்டு 1921இல் பிராக் நகரில் அரங்கேறிய ஆர்.யு.ஆர். நாடகத்தில் இச்சொல் தோன்றியது. இதனைத் தமக்கு அளித்தவர் உடன்பிறந்தாரான யோசெப் என்று காரெல் பின்னர் எழுதியுள்ளார். செக் மொழியில் ‘ரோபோதா’ என்பது நிலவுடைமையாளர்க்குக் குடியானவர் கூலியின்றிச் செய்ய வேண்டியிருந்த கட்டாய உழைப்பைக் குறிக்கும்.

தமிழில் இதற்கு வழங்கும் ‘இயந்திர மனிதன்’ என்னும் தொகை இருவகையில் மூலத்திலிருந்து விலகுகிறது. முதலாவது, சாப்பெக்கின் ரோபாட்டுகள் இரும்பாலானவை அல்ல. உயிர்ப்பொருளை ஒத்த செயற்கைப் பொருளால் ஆக்கப்பட்டவை. தோற்றத்தில் மனிதரிடமிருந்து வேறுபடாதவை. இரண்டாவது, மூலச்சொல்லின் கருவாகிய கட்டாய உழைப்பு என்னும் பொருள் தமிழ்த் தொகையில் முற்றிலும் இல்லை. நாடகத்தின் மையச் சிக்கல் இயந்திரம் பற்றியதன்று. உழைப்போர் தம்மை உருவாக்கியோரை எதிர்த்தெழுவது பற்றியது. பெயர் மாறியதால் நாடகத்தின் வினாவே மாறுகிறது.

‘ரோபோதா’வுக்கு நேரான சொல்லைத் திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்டிருந்த திருவிதாங்கூர் அரசின் வரலாறு தருகிறது. அவ்வரசில் ஒடுக்கப்பட்ட சாதியினர் அரசுக்கும் கோயிலுக்கும் கூலியின்றிச் செய்ய வேண்டியிருந்த கட்டாயப் பணி ‘ஊழியம்’ எனப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அய்யா வைகுண்டர் இதனை எதிர்த்துக் குரல் கொடுத்தார். ஆனால் இன்றைய தமிழில் ‘ஊழியர்’ என்பது அரசு அலுவலகத்திலும் வங்கியிலும் பணிபுரிவோரைக் குறிக்கும் மதிப்பான சொல். கிறித்தவர் வழக்கில் ‘ஊழியம்’ இறைப்பணி. ஆகவே சாப்பெக்கின் நாடகத்தை ‘ஊழியர்’ என்னும் சொல்லால் பெயர்த்தால் பொதுத் தமிழ் வாசகர்க்குப் பொருள் திரியும். தென் திருவிதாங்கூர் வரலாற்றை அறிந்தோர்க்கு மட்டுமே உரிய அழுத்தம் கிடைக்கும். ‘ரோபாட்’ என்னும் கடன்சொல்லையே இருத்தி, முன்னுரையில் ‘ஊழியம்’ வழி விளக்குவது நடைமுறைக்கு ஏற்றது எனலாம். சொல்லை விட்டாலும் பொருளை விடாதிருத்தலே இங்கு வேண்டுவது.

5. திணை என்னும் தவிர்க்கவியலாத் தேர்வு

பெயர்ச்சொல் முடிவான பின்னரும் பணி முடிவதில்லை. ‘ரோபாட் வந்’ என்று நிறுத்த இயலாது. வந்தான், வந்தாள், வந்தது, வந்தார் என்பவற்றுள் ஒன்று வேண்டும்.

செக் மூலத்தில் இத்தேர்வு முன்னரே நிகழ்ந்துவிட்டது. செக் மொழியின் ஆண்பாற் பெயர்கள் உயிருள்ளவை, உயிரில்லாதவை என இருவகைப்பட்டுப் பன்மையில் வெவ்வேறு ஈறு பெறும். சாப்பெக்கின் நாடகத் தலைப்பிலேயே ‘ரோபோதி’ என உயிருள்ளவற்றுக்குரிய பன்மை ஈறு உள்ளது. உயிரில்லாததாயின் ‘ரோபோதி’யின் இறுதி உயிர் எழுத்திலேயே வேறுபட்டிருக்கும். ஆங்கிலப் பன்மையில் இவ்வேறுபாடு இல்லை. எனவே ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வரும்போது மூல ஆசிரியர் எடுத்த முடிவு இடையில் அழிந்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் அதனைத் தாமே மீண்டும் எடுக்க வேண்டியவராகிறார். செக் மொழியின் உயிருள்ள வகுப்பில் விலங்குகளும் அடங்கும். தமிழின் உயர்திணையில் அவை அடங்கா. ஆகவே இரண்டும் ஒன்றே என்று கொள்ளுதல் கூடாது.

தமிழ் இலக்கண மரபு இவ்வினாவுக்குத் தரும் விடை ஒருமுகமானதன்று. தொல்காப்பியர் மக்களை மட்டும் உயர்திணையாகக் கொண்டார். நன்னூலார் தேவரையும் நரகரையும் சேர்த்து அவ்வெல்லையை விரித்தார். காலம், உலகம், உயிர், ஞாயிறு, திங்கள் முதலியவை பொருளால் உயர்திணையாகக் கருதத்தக்கன ஆயினும் உயர்திணைப் பால் முடிபு பெறாமல் வரும் எனத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் தனியே வகுத்துள்ளார். மகிழ்ச்சி, சிறப்பு, சினம், இழிவு முதலிய காரணங்களால் திணை மயங்குவதை மரபு வழுவமைதியாக ஏற்கிறது. பசுவை அன்பினால் ‘அம்மை’ என்று கூறிப் பெண்பால் வினையால் முடிப்பது இதன்பாற்படும்.

இவற்றினும் நுட்பமானது தன்மை இடம் பற்றிய கருத்து வேறுபாடு. தன்மை வினைகளைத் தொல்காப்பியர் உயர்திணையின்கண் வைத்தார். நன்னூலார் தன்மையையும் முன்னிலையையும் இருதிணைக்கும் பொதுவாக்கினார். இதன்படி நோக்கின், ‘நான் வந்தேன்’ என்று கூறும் கருவி தொல்காப்பிய நெறியில் அப்போதே உயர்திணை எய்துகிறது. நன்னூல் நெறியில் அதன் திணை இன்னும் முடிவாகவில்லை. மேலும், தன்மைச் சொல்லோடு அஃறிணைப் பெயரைச் சேர்த்து எண்ணும்போது இரண்டும் ஒரே வினைகொண்டு முடிதல் விலக்கப்படவில்லை. உரையாசிரியர்கள் இதற்கு வீரன் தன்னையும் தன் வேலையும் ஒருங்கெண்ணும் தொடரைக் காட்டுவர். மனிதனும் அவன் கருவியும் ‘நாங்கள்’ ஆகும் வாய்ப்பை மரபு முன்பே கண்டுள்ளது.

அஃறிணை வினை இழிவையே காட்டும் என்பதும் சரியன்று. ‘குழந்தை சிரித்தது’ என்பதில் குறைவு ஏதும் இல்லை, அன்பே உள்ளது. எனவே ‘ரோபாட் சிரித்தது’ என்று எழுதும் ஆசிரியர் அதனைப் பொருளாக மதிக்கிறார் என்று உடனே முடிவு செய்தல் கூடாது. சூழலே அதனைத் தெளிவாக்கும்.

தமிழின் சொந்தப் படைப்புகளில் இத்தேர்வு பெயரின் ஈற்றிலேயே வெளிப்படுகிறது. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. ஜீனோ என்னும் எந்திர நாய் அதன் புகழ்பெற்ற பாத்திரம். மகர ஈற்று அஃறிணைப் பெயர் விளியில் ‘இயந்திரமே’ என ஏகாரம் பெறுவதே இயல்பு. ‘இயந்திரா’ என்னும் விளி ‘இயந்திரன்’ என்னும் னகர ஈற்று உயர்திணைப் பெயரிலிருந்தே பிறக்கும். அதாவது, தலைப்பு வெளிப்படச் சொல்லாத ஓர் ஆண்பாற் பெயரை அதன் விளி முன்னிறுத்துகிறது. சுஜாதாவும் வசனப் பணியில் பங்குபெற்ற 2010ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் ‘எந்திரன்’ என்னும் தலைப்பில் அந்த ஈறு வெளிப்படையாகவே நிற்கிறது. ‘மனிதன்’ என்னும் சொல்லைச் சேர்க்காமல், ஓர் ஈற்றெழுத்தாலேயே கருவி உயர்திணை ஆகியுள்ளது. இது தமிழின் இலக்கண அமைப்பிலிருந்தே எழுந்த ஆக்கம்.

6. மலையாளமும் தமிழும்: திருவனந்தபுரச் சூழல்

இரு மொழிகளும் அருகருகே வழங்கும் திருவனந்தபுரத்தில் இச்சிக்கலின் வேறொரு முகம் புலப்படுகிறது. மலையாள வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டும் ஈறுகளை இழந்துவிட்டது. அவன் வந்நு, அவள் வந்நு, அது வந்நு என மூன்றிலும் வினை ஒன்றே. ஏ.ஆர். ராஜராஜவர்மா தம் கேரள பாணினீயத்தில் (1896) தமிழினின்றும் மலையாளம் வேறுபடும் ஆறு நயங்களுள் ஒன்றாக இதனைப் ‘புருஷபேத நிராசம்’ எனக் குறித்தார்.

இதன் விளைவு மொழிபெயர்ப்பில் தெளிவாகத் தெரியும். மலையாளப் புனைகதையாசிரியர் ‘யந்த்ரமனுஷ்யன்’ போன்ற ஈறுடைய சொல்லைத் தவிர்த்து, பதிலிப் பெயரையும் விலக்கினால், பேசும் கருவியின் நிலையைப் பல பக்கங்கள் வரை முடிவு செய்யாமல் எழுதிச் செல்லலாம். அது ஆளா, பொருளா என்னும் ஐயமே கதையின் சுவையாகவும் அமையலாம். அதனைத் தமிழாக்குவோர் முதல் வினைமுற்றிலேயே விடையைச் சொல்லிவிட நேரும். இதனைத் தவிர்க்கும் வழிகள் சில உள. கருவியைத் தன்மையில் பேசவிடுதல், ‘வந்தபோது’, ‘சொல்லிவிட்டு’ போன்ற எச்சங்களால் தொடர்களை இணைத்தல், ‘வருகை’, ‘பேச்சு’ போன்ற தொழிற்பெயர்களால் முடித்தல், ‘குரல் கேட்டது’ என உறுப்பையோ செயலையோ எழுவாயாக்குதல் ஆகியன அவை. தமிழிலிருந்து மலையாளத்திற்குச் செல்லும்போது இழப்பு எதிர்த்திசையில் நிகழும். தமிழாசிரியர் ஓரிடத்தில் ‘வந்தது’ என்பதை ‘வந்தான்’ என மாற்றிக் காட்டும் நுட்பத்தை மலையாள வினையால் காட்டவியலாது. பதிலிப் பெயரால் ஈடு செய்ய வேண்டும்.

7. புனைவிலிருந்து நடைமுறைக்கு

இந்நகரின் கடலோரச் சிற்றூரான தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21ஆம் நாள் நைக்கி-அப்பாச்சி ராக்கெட் ஏவப்பட்டது. அந்த விண்வெளி மரபின் தொடர்ச்சியாக, திருவனந்தபுரத்திலுள்ள இஸ்ரோ சடத்துவ அமைப்புகள் பிரிவு மனித விண்வெளிப் பயணத்திட்டமான ககன்யானுக்குப் பெண்ணுருவம் கொண்ட ஓர் அரைமனித உருவ ரோபாட்டை உருவாக்கியது. ஜனவரி 2020இல் பெங்களூரில் அறிமுகமான அது தன் பெயர் வியோமமித்ரா என்று தானே கூறிக்கொண்டது. வியோமம் விண், மித்ரம் நட்பு. நண்பரைக் குறிக்கும் வடமொழி ‘மித்ரம்’ அலிப்பால். ஆகார ஈற்று ‘மித்ரா’ பெண்பெயராக ஒலிக்கிறது.

இதனைத் தமிழில் எழுதுவோர் முன் இரு சொற்கள் மோதுகின்றன. வியோமமித்ராவைச் சுமந்து செல்வதற்கெனத் திட்டமிடப்பட்ட பறப்பு ‘ஆளில்லாப் பறப்பு’ எனப்படுகிறது. இச்சொல்லின்படி வியோமமித்ரா ஆள் இல்லை. அடுத்த தொடரிலேயே ‘வியோமமித்ரா பேசினாள்’ என்று எழுதினால் அதே கருவி உயர்திணையாகிறது. ஒரே செய்தியில் சொல்லாட்சி மறுப்பதை வினையீறு வழங்குகிறது. முற்காலப் புனைகதை எழுப்பிய வினா இன்று நாளிதழ் எழுதுவோர், பாடநூல் ஆக்குவோர் ஆகியோரின் வினாவாகவும் ஆகிவிட்டது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மொழிபெயர்ப்பாளர்க்குப் பின்வரும் நெறிகளைத் தொகுத்துரைக்கலாம்.

(அ) கற்பனைக் கருவியின் பெயர் மூலநூல் வெளிவந்த ஆண்டில் புத்தாக்கமா, கடனா, மீட்டெடுத்த பழஞ்சொல்லா என்பதை முதலில் அறிதல் வேண்டும். பெயர்ப்பிலும் அதே அளவு புதுமை அமைதல் நன்று.

(ஆ) பின்னாளில் உண்மையாகிவிட்ட கருவியின் புழக்கச் சொல்லை முற்காலக் கற்பனைக் கருவிக்கு இடும்முன், இரண்டின் அமைப்பும் ஒன்றா என்று ஒப்பிட வேண்டும்.

(இ) திணை முடிபு வினைமுற்றுதோறும் தற்செயலாக அமைய விடாமல், பணியின் தொடக்கத்திலேயே தீர்மானிக்கப்பட வேண்டும். கதைசொல்லியும் பாத்திரங்களும் ஒரே கருவியை வெவ்வேறு திணையில் வழங்கலாம்; அவ்வேறுபாடே பொருளுடையது. சாப்பெக்கின் நாடகத்தில் உரிமையாளர் ‘அது’ என்று குறிப்பிடும் ரோபாட்டுகள், இறுதியில் ஆதாம், ஏவாள் என அழைக்கப்படும் இணையாகும்போது ‘அவன்’, ‘அவள்’ என மாறுமாயின், மூலத்தால் காட்டவியலாத ஒன்றைத் தமிழ் காட்டியதாகும்.

(ஈ) மூலம் ஐயத்தை விரும்பிப் போற்றுமாயின் எச்சம், தொழிற்பெயர், தன்மைக் கூற்று ஆகியவற்றால் அதனைக் காத்தல் இயலும்.

திணைப் பாகுபாடு மொழிபெயர்ப்புக்குத் தடை என்று கருதப்படுவதுண்டு. யாரை ஆளாக மதிக்கிறோம், எதனைக் கருவியாகக் கொள்கிறோம் என்னும் வினாவைப் பிற மொழிகள் தள்ளிப்போட முடிகிறது. தமிழ் அதனை ஒவ்வொரு தொடரின் இறுதியிலும் கேட்கிறது. ரோபாட் பற்றிய இலக்கியத்தின் அடிப்படை வினாவும் அதுவே ஆதலின், அவ்விலக்கியத்தைப் பெயர்ப்பதற்குத் தமிழ் இலக்கணம் தக்க கருவியாகவே அமைந்துள்ளது எனலாம்.